துவைக்காத துணி

நாய்கள் காத்திருப்பதை உட்கார்ந்து பார்ப்பது என் உத்தியோகத்தில் ஒரு பகுதியாக இருந்தது. அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். சொன்னால் சிரிப்பார்கள் என்று கல்யாண வீடுகளில் "டிராவல்ஸ்ல வேலை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

தியாகராய நகரில் ஒரு சந்து, மாடியில் எங்கள் அலுவலகம். கீழே பாத்திரக்கடை. எவர்சில்வர் குடங்களில் வெயில் பட்டு எங்கள் கூரையில் நாள் முழுக்க ஏதோ ஒன்று அசைந்துகொண்டே இருக்கும். டிக்கெட், விசா, பயணக் காப்பீடு எல்லாம் செய்து கொடுத்தோம். என் மேஜை ஓரத்து மேஜை. வீட்டில் நாய், பூனை வைத்திருப்பவர்கள் வெளியூர் போவதானால் என்னிடம் அனுப்புவார்கள். போன வருஷம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். மேஜையையும் எடுத்துவிட்டார்கள். இப்போது போனிலேயே பாலிசி. 'வீட்டில் செல்லப் பிராணி உண்டா?' என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்று தொட்டால் அடுத்த பக்கம்.

பழைய ஆபீஸ் வாட்ஸப் குழுவில் ஒரு பெண் கேட்டாள்: "கலா மேடம், இதுக்குன்னு தனியா ஒரு ஆளா? அப்படி என்னதான் பண்ணுவீங்க நாள் பூரா?" கிண்டல்தான். ஆனால் கேள்வி எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு நாலு மணி ஆனால் காபியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்க்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

ஆரம்ப வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூக்கு சப்பையான நாய்களை விமானத்தில் ஏற்றத் தயங்குவார்கள், மேலே மூச்சுத் திணறும் என்று படித்தேன். கூண்டுக்குள் நாய் நின்று, திரும்பி, படுக்க இடம் இருக்க வேண்டும் என்று படித்தேன். வெறிநாய்த் தடுப்பூசி எப்போது போட்டால் எந்த நாடு ஏற்றுக்கொள்ளும், டாக்டர் சான்றிதழ் எத்தனை நாளுக்குச் செல்லும், இதெல்லாம் மனப்பாடம். இவற்றை யாரும் படிக்கலாம். நான் வேலை கற்றுக்கொண்டது நஸீமா மேடத்தின் கையைப் பார்த்து.

நஸீமா மேடம் எங்கள் பிரிவுக்குத் தலைமை. ராயப்பேட்டையில் அத்தர் கடை வைத்திருந்த குடும்பம். வீட்டில் உருது, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டுமில்லாத ஒரு அமைதி. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் செருப்பைக் கழற்றுவார். அப்புறம் கையைத் தொங்கவிட்டு நிற்பார். பிராணி வந்து முகர்ந்து பார்க்கும்வரை வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். வீட்டுக்காரர் காபியா டீயா என்று கேட்டால்கூட பதில் வராது. ஒருமுறை ஆழ்வார்பேட்டையில் ஒரு பெரிய வக்கீல், "மேடத்துக்கு காது கேக்காதா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். பூனை வந்து முகர்ந்துவிட்டுப் போன பிறகு மேடம் நிமிர்ந்து, "டீ, சக்கரை கம்மி" என்றார்.

அவர் ஏற்படுத்திய வழக்கம் இரண்டு. இரண்டும் எந்தக் கம்பெனி விதியிலும் கிடையாது.

ஒன்று, பொய்ப் பயணம். ஊருக்குப் போகிறவர் நிஜமாகப் போவதற்கு முன்னால் ஒருநாள் பொய்யாகப் போக வேண்டும். பெட்டியை இறக்கி, துணி அடுக்கி, டாக்ஸி வரவழைத்து, பூட்டிக்கொண்டு, ஒரு இரவு எங்காவது தங்கிவிட்டு வர வேண்டும். வீட்டில் பிராணியும், அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரும், ஓரமாக நாற்காலி போட்டு நானும். சாயங்காலம்வரை உட்கார்ந்து பார்க்க வேண்டும். சாப்பிடுகிறதா, எங்கே படுக்கிறது, எந்தக் கதவைப் பார்க்கிறது.

மயிலாப்பூரில் ஒரு மாமி காசிக்குப் போகக் கிளம்பினார். "எங்காத்துப் பூனை என்னை விட்டா பச்சைத் தண்ணி தொடாதும்மா. நான் போய்ட்டா அது ஏங்கிண்டு செத்தே போயிடும். பயணம் வேணாம்னுதான் சொல்லிண்டிருக்கேன்." பொய்ப் பயணம் வைத்தோம். மாமியின் டாக்ஸி தெரு திரும்பியதும் பூனை எழுந்து சோம்பல் முறித்து, மதில் தாண்டி, பக்கத்து வீட்டு அடுக்களைக்குப் போய், தனக்கென்று அங்கே வைத்திருந்த தட்டில் பால் குடித்தது. அந்த வீட்டில் அதற்கு வேறொரு பெயர் இருந்தது. மாமியிடம் சொன்னோம். "எத்தனை வருஷமா?" என்று மட்டும் கேட்டார். காசிக்குப் போய் வந்தார்.

சிரிக்கலாம். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் சிரிப்பு வராது. மனிதர் வெளியேறிய வீடு அப்படியே இருக்காது. மின்விசிறியின் சத்தம் மாறும். பிராணி நம்மைத் தாண்டி எதையோ பார்க்கும். நாமும் திரும்பிப் பார்ப்போம், காலண்டர் இருக்கும். அது மறுபடி பார்க்கும். நாம் திரும்பமாட்டோம்.

இரண்டாவது வழக்கம், துவைக்காத துணி. கிளம்புவதற்கு முன் கட்டியிருந்த, வியர்வை ஊறிய ஒரு துணியை பாலிதீன் கவரில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, எங்கள் அலுவலக நீலப் பையில் வைத்து, வெள்ளை நாடாவால் முடிந்து பீரோவில் வைத்துவிட வேண்டும். சொன்ன தேதிக்கு ஆள் திரும்பி வந்துவிட்டால் அதைத் துவைத்துக்கொள்ளலாம். வரத் தாமதமானால் மட்டும், பார்த்துக்கொள்கிறவர் அதைப் பிரித்து, பிராணி படுக்கும் இடத்தில் போட வேண்டும்.

"இன்ஷூரன்ஸ் எதுக்கு? லேட்டாகறதுக்குத்தான்" என்பார் மேடம். "ஆஸ்பத்திரிச் செலவு அவங்க குடுப்பாங்க, டிக்கெட் தேதி மாத்தித் தருவாங்க. இங்க நாயைப் பாத்துக்கற ஆளுக்கு அந்த அதிகப்படி நாளுக்கெல்லாம் கூலி வரும். எல்லாம் மனுஷனுக்குப் புரியற உதவி. நாய்க்கு எப்படிச் சொல்லுவ, ஆள் லேட்டுன்னு? அதான் துணி."

இனி சவரிராஜ் சார்.

சாந்தோமில், கடலுக்கு இரண்டு தெரு இந்தப் பக்கம், பழைய ஓட்டு வீடு. தபால் இலாகாவில் இருந்து ஓய்வுபெற்றவர். மெலிந்த மனிதர், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். மனைவி மார்கரெட் டீச்சர் அதற்கு எட்டு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்திரேலியாவில் மகள் பிரசவத்துக்குப் போன இடத்தில் மாரடைப்பில் இறந்தார். அங்கேயே அடக்கம். சார் அந்தக் கல்லறையைப் பார்த்ததில்லை. போகாததற்கு அவர் சொன்ன ஒரே காரணம் ஜூலி.

ஜூலி தெருநாய் ஜாதி. செம்பழுப்பு. டீச்சர் பள்ளிக்கூட வாசலில் இருந்து குட்டியாகத் தூக்கி வந்தது. நான் பார்த்தபோது கிழம், இரண்டு கண்ணிலும் பால் படர்ந்து பார்வை போயிருந்தது. வீட்டுக்குள் எதிலும் முட்டிக்கொள்ளாமல் நடக்கும். நாற்காலியை ஒரு சாண் நகர்த்தினால் முட்டும். அதனால் அந்த வீட்டில் எட்டு வருஷமாக எதையும் நகர்த்தியதில்லை.

மகள் ஷீலாவிடம் இருந்து சாருக்கு வாரம் தவறாமல் போன். எங்கள் முன்னாலேயே ஒருமுறை ஸ்பீக்கரில் பேசினார். "அப்பா, நாய யாருக்காவது குடுத்துடுங்க. இங்கயே வந்துருங்க. தனியா விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்?"

"விழுந்தா ஜூலி கத்தும்" என்றார் சார்.

"அதுக்கே கண்ணு தெரியலப்பா."

"சத்தம் போட கண்ணு எதுக்கும்மா?"

கடைசியில் ஒரு மாதம் போய்வர ஒப்புக்கொண்டார். ஒரு மாதம்தான். திரும்பும் டிக்கெட்டும் சேர்த்து வாங்கினார். குருடான கிழநாயை அந்த நாட்டுக்குக் கூட்டிப்போவது நடக்காது, நோய் பரவாமல் இருக்க நாள்கணக்கில் தனியாக அடைத்து வைப்பார்கள், அதன் வயசுக்குத் தாங்காது என்று சொன்னேன். நாய் விடுதியும் வேண்டாம் என்றேன். இந்த வீட்டின் அளவுகள்தான் அதன் கண். பாலிசியில் நாய்க்கு உண்டானதைப் படித்துக் காட்டினேன். இவர் அங்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்து திரும்ப முடியாமல் போனால் பராமரிப்புச் செலவு வரும். நாய்க்கு விபத்து, திடீர் வியாதி என்றால் டாக்டர் செலவு வரும். ஏற்கெனவே உள்ள கண் நோய்க்கு வராது. பார்த்துக்கொள்பவர் பெயர் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும், அவர் விலகினால் அந்தப் பாதுகாப்பும் விலகிவிடும். ஏக்கத்துக்கு எதுவும் வராது என்று மேடம் பக்கத்தில் இருந்து சேர்த்தார். சார் தலையாட்டினார்.

பதிவான பெயர் தேவி. பின்னால் குப்பத்தில் இருந்து வருகிறவள், மீன் விற்ற கை, பயமென்றால் என்னவென்று கேட்கிற குரல். சின்ன வயசில் மார்கரெட் டீச்சரிடம் படித்தவள்.

பொய்ப் பயணத்தன்று ஜூலி சாரின் பழைய செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்தது, தேவி வைத்த சோற்றைத் தின்றது, தூங்கியது. வாசல் பக்கமே போகவில்லை. அதை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன், ஏனென்றால் அதற்குத்தான் என்னை உட்கார வைத்திருந்தார்கள். கேட்டுப் பக்கம் அது ஒரு தடவைகூடப் போகவில்லை.

துணி கட்டுவதை நான் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். "தெரியும்மா" என்றார் சார். நான் நீட்டிய நீலப் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. மேடம் என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். ஆஸ்திரேலியாவுக்கு டீச்சரை அனுப்பி வைத்ததும் எங்கள் அலுவலகம்தான், நான் சேர்வதற்கு முன்னால்.

போனார். கல்லறையைப் பார்த்தார். திரும்ப வேண்டிய வாரத்தில் மகள் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது.

இந்த இடத்தில் காப்பீடு என்ன செய்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சத்தமில்லாமல் செய்தது. ஷீலா அவசர எண்ணுக்குக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரி நேரடியாகக் கம்பெனியிடம் பேசிக்கொண்டது. அறுவை சிகிச்சை, டிக்கெட் தேதி, நடை பழக்குகிற ஆள், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. இங்கே தேவியின் கூலிக்கு நான் எழுதிப் போட்டேன், அனுமதி வந்தது. மனிதர் படுத்திருக்கும்போது உலகத்தை அவரைச் சுற்றித் தன் வேலையைப் பார்க்க வைப்பதுதான் காப்பீடு. அன்றே தேவிக்குப் போன் செய்தேன்.

"தேவி, சார் வர லேட்டாகும். பீரோல நீலப் பை இருக்கும். அத பிரிச்சு ஜூலி படுக்கற எடத்துல போடு."

"சரிக்கா. பாவம் ஆயா மாரி கெடக்குது. சோறு பாதிதான் துன்னுது."

சில நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது. பின்னால் பஸ் சத்தம் கேட்டது. வீட்டுக்கு வெளியே நின்று பேசுகிறாள்.

"யக்கா, நான் இந்த வேலைல நிக்கலக்கா. வேற ஆளப் பாத்துக்கோ."

"என்னாச்சு? கடிச்சிருச்சா?"

"கடிச்சா பரவால்ல. நாலு மணியானா அது எந்திரிச்சு கேட்டாண்ட போவுது. வால ஆட்டுது. அப்பறம் யாரோ கூட வர்ற மாரி உள்ள வருதுக்கா. யாரும் இல்ல. கேட்டு வேற தொறக்குது."

"காத்தா இருக்கும்."

"காத்துக்கு எதுக்கு நாயி வாலாட்டுது?"

சாயங்காலம்வரை பொறு, நான் வருகிறேன் என்றேன். அதற்குள் ஷீலாவிடம் இருந்தும் போன் வந்துவிட்டது. தேவி அவளிடமும் சொல்லியிருந்தாள். "நல்லதாப் போச்சு மேடம். அந்தம்மா போகட்டும். ஏதாவது ஒரு காப்பகத்துல நாய விட்டுருங்க. அது இல்லன்னா அப்பா இங்கயே இருந்துருவாரு. வீட்டையும் பூட்டிரலாம்."

அவள் கெட்டவள் இல்லை. தாயை அங்கே புதைத்தவள், தகப்பனைக் கண் முன்னால் வைத்துக்கொள்ள நினைக்கிறாள். ஆனால் எனக்கு நிலைமை கண்ணாடி மாதிரி தெரிந்தது. தேவி விலகினால் ஜூலி இடம் மாறும். இடம் மாறினால் அந்தக் குருட்டு நாய் சுவரில் முட்டி முட்டியே சாகும். அது செத்தால் சவரிராஜ் சாருக்கு இந்த ஊரில் திரும்பி வர ஒன்றும் இருக்காது. ஒரு கிழவரின் மிச்ச வாழ்க்கை எந்தக் கரையில் என்பது தேவி அன்று சாயங்காலம் என்ன முடிவு எடுக்கிறாள் என்பதில் தொங்கியது.

மூன்றரைக்கே போய்விட்டேன். மே மாதம், ரோட்டில் கால் வைக்க முடியாத வெயில். தேவி உள்ளே வர மறுத்து வேப்பமரத்தடியிலேயே நின்றாள். "நீ போ. நான் இங்கருந்து பாக்கறேன்."

செருப்பைக் கழற்றினேன். கையைத் தொங்கவிட்டு நின்றேன். ஜூலி வந்து முகர்ந்தது, என்னை ஞாபகம் இருந்தது, போய்ப் படுத்தது. நாற்காலியை நகர்த்தாமல் உட்கார்ந்தேன். ஓட்டுச் சந்தில் இருந்து வெயில் காசு காசாகத் தரையில் விழுந்திருந்தது. திருஇருதயப் படத்துக்குக் கீழே சிவப்பு பல்பு எரிந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, நான் வந்து உட்கார்ந்ததும் சொட்டுவதை நிறுத்தியது, அல்லது நான் கேட்பதை நிறுத்தினேன்.

நாலு மணிக்கு ஜூலியின் காது முதலில் எழுந்தது. பிறகு தலை. பிறகு, கிழநாய்கள் மாதிரி பின்னங்காலை மெல்லக் கூட்டிக்கொண்டு எழாமல், குட்டி மாதிரி ஒரே துள்ளலில் எழுந்தது. நேராக வாசல், படி இறங்கி, கேட். அங்கே நின்றது. வால் முதலில் மெதுவாக, பிறகு உடம்பையே ஆட்டுகிற வேகத்தில். தொண்டையில் இருந்து ஒரு சின்னச் சத்தம், அழுகைக்கும் பேச்சுக்கும் நடுவில்.

கடற்காற்று வந்தது. கொக்கி சரியாக விழாத கேட் ஒரு ஆள் அகலத்துக்குத் திறந்தது. காற்றுதான். குரோட்டன்ஸ் இலைகள் அசைவதைப் பார்த்தேன். காற்று என்று எனக்கு நானே வாய்விட்டுச் சொன்னேன்.

ஜூலி திரும்பியது. வீட்டை நோக்கி நடந்தது. பாதையின் நடுவில் நடக்கவில்லை. இடது ஓரமாக, சுவரை உரசிக்கொண்டு, வலப்பக்கம் ஒரு ஆளுக்கு இடம் விட்டு நடந்தது. ஒவ்வொரு நாலு அடிக்கும் தலையைத் தூக்கி அந்த இடத்தைப் பார்த்தது, பார்வையில்லாத கண்ணால். படியில் நின்றது, யாரோ செருப்பைக் கழற்றும் நேரம். பிறகு உள்ளே வந்தது. என்னைத் தாண்டியது. அடுக்களை வாசலில் உட்கார்ந்து, காதுகளைப் பின்னால் மடித்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தியது. கைக்குக் கீழே தலையைக் கொடுக்கிற நாய் அப்படித்தான் உயர்த்தும். நான் நிறைய நாய்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தலைக்கு மேலே கை இல்லை என்பது ஒன்றுதான் குறை.

எழுந்துபோய் தேவியோடு வெயிலில் நிற்கத் தோன்றியது. ஆனால் உட்கார்ந்து பார்ப்பதுதான் வேலை. உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஜூலி பெருமூச்சு விட்டு, தன் இடத்துக்குப் போய், விரித்திருந்த துணியில் முகத்தைப் புதைத்தது.

அப்போதுதான் அந்தத் துணியைப் பார்த்தேன். பூப்போட்ட பருத்தி நைட்டி.

வாசலுக்குப் போய் தேவியைக் கூப்பிட்டேன். "இதையா பிரிச்ச?"

"நீதான சொன்ன, நீலப் பைன்னு. வெள்ளை நாடா போட்டு. முன்னாடியே இருந்துச்சு."

பீரோவைத் திறந்தேன். இன்னொரு நீலப் பை, அதே நாடா, அதே முடிச்சு, உள்பக்கமாக இருந்தது. வெளியில் இருந்தே தொட்டுப் பார்த்தேன். சட்டைப் பொத்தான். சவரிராஜ் சார் தன்னுடைய பையை டீச்சருடைய பைக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

நஸீமா மேடத்துக்குப் போன் போட்டேன். சொன்னதை முழுக்கக் கேட்டார். இரண்டுமில்லாத அந்த அமைதி.

"அது மார்கரெட் டீச்சர் போறப்ப கட்டி வெச்சது, கலா. நான்தான் நாடா போட்டேன். நியூஸ் வந்ததும் நானே வீட்டுக்குப் போனேன். சார், இப்பப் பிரிங்க, நாய் ஏங்குதுன்னேன். லேட்டானாத்தானே பிரிக்கணும்னார். அவ லேட்டுன்னு நான் சொல்ல மாட்டேன்னார்."

"எட்டு வருஷம் மேடம். வாசனை இருக்குமா?"

"உனக்கு வருதா?"

முகர்ந்தேன். பழைய பிளாஸ்டிக். வேறு ஒன்றும் வரவில்லை.

"உனக்கும் எனக்கும் வராது" என்றார். "நாலு மணிக்கு ஸ்கூல் விட்டு வருவாங்க அந்தம்மா. திரும்பக் கட்டாத. சாருக்குச் சொல்லு, அவர் சொல்றதைச் செய்."

தேவி வேப்பமரத்தடியில் இருந்து படிவரைக்கும் வந்திருந்தாள். "யாருதுக்கா அது?"

"டீச்சரோடது."

"மார்கரெட் டீச்சரா?" ஒரு நிமிஷம் நைட்டியையே பார்த்தாள். முகம் மெல்லத் தளர்ந்தது. "ஐய, இத மொதல்லயே சொல்றதில்ல? நான் வேற எவளோன்னு பயந்துகினு இருந்தேன். டீச்சர் யாரையும் கை நீட்ட மாட்டாங்க. ஸ்கேல் எடுத்தாக்கூட டேபிளத்தான் அடிப்பாங்க." படியேறி உள்ளே வந்தாள். அடுக்களைக்குள் போகும் முன் ஒரு கணம் நின்று, முந்தானையைச் சரிசெய்து, ஓரமாக ஒதுங்கிப் போனாள். டீ போடுகிற சத்தம் கேட்டது.

"அப்ப நீ போறியா இருக்கியா?" என்றேன்.

"இருக்கேன். டீச்சரு இருக்கறப்ப கிளாஸ விட்டுப் போனா கேப்பாங்கல்ல?"

பேசும்போது மூன்று பெரிய டம்ளரில் டீ வைத்தாள். நாங்கள் இரண்டு பேர்.

சாருக்கு வீடியோ போட்டேன். படுக்கையில் இருந்தார், முகம் இறங்கிப்போயிருந்தது. தப்பான பை என்று சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டார்.

"நடக்கறப்ப ஜூலி எந்தப் பக்கம் எடம் விடுது?"

அவருக்கு அதை நான் சொல்லவில்லை. இடம் விட்டு நடக்கிறது என்று யாருமே சொல்லவில்லை. தேவியும் சொல்லியிருக்கவில்லை, பின்னால் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

"வலப்பக்கம் சார்."

"ஆமா. மார்கரெட்டுக்கு வலது கையில கொடை, பை எல்லாம் இருக்கும். ஜூலிக்கு இடது கைதான்." அப்புறம், "இங்க கல்லறைல போய் நின்னேம்மா. நல்ல இடம். புல்லு நல்லா வெட்டி வெச்சிருக்காங்க. ஆனா யாரும் இருக்கற மாதிரி எனக்குத் தெரியல" என்றார். பக்கத்தில் ஷீலா இருந்தாள். "அம்மாடி, டிக்கெட்ட பாரு. நடக்க ஆரம்பிச்சதும் நான் வீட்டுக்குப் போறேன்."

அவள் வாதாடவில்லை. திரையின் ஓரத்தில் அவள் கை மட்டும் தெரிந்தது. அப்பாவின் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

அன்று வெளியே வந்தபோது எனக்கு ஒரு சமாதானம் இருந்தது. தெருக்கோடியில் பள்ளிக்கூடம், நாலு மணிக்கு விடும் மணி, அதைக் கேட்டு நாய் எழுகிறது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். பள்ளிக்கூடத்தின் முன்னால் வந்து நின்றுவிட்டேன். கேட்டில் சங்கிலி. மைதானத்தில் காய்ந்த சருகு. மே மாதம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எந்த மணியும் அடித்திருக்காது.

ஜூலை கடைசியில் சார் வந்தார். விமானத்தில் இருந்து சக்கர நாற்காலி, உடன் ஒரு நர்ஸ், வாசல்வரை வண்டி, எல்லாம் பாலிசி பார்த்துக்கொண்டது. வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடந்தார். ஜூலி அவருடைய காலை, வாக்கரின் நாலு காலை, அந்தத் தேசத்து மருந்து வாசனையை எல்லாம் முகர்ந்து, கடைசியில் அவர் கையைக் கண்டுபிடித்து நக்கியது. நான் பாலிசிக் காகிதங்களை முடித்து வைக்க வந்திருந்தேன். பீரோவைத் திறந்து பின்னால் இருந்த நீலப் பையை எடுத்து, "சார், நீங்க வந்துட்டீங்க. இத இனி துவைச்சுக்கலாம்" என்றேன்.

வாங்கிப் பார்த்தார். நாடாவை இழுத்து இறுக்கினார்.

"இருக்கட்டும்மா. எனக்கும் ஒருநாள் லேட்டாகும்."

தேவி வாங்கி இருந்த இடத்திலேயே வைத்தாள். இப்போது அது முன்னால் இருந்தது, வேறு பை இல்லாததால்.

பேசிக்கொண்டிருந்தோம். மழை வருகிற மாதிரி இருட்டியிருந்தது, காற்றே இல்லை, ஒரு இலை ஆடவில்லை. ஜூலி துள்ளி எழுந்து வெளியே போனது. அது கேட்டை அடைந்து வாலாட்டத் தொடங்கிய பிறகுதான் தெருக்கோடியில் பள்ளிக்கூட மணி அடித்தது. கேட் திறந்ததா என்று நான் பார்க்கவில்லை. சாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடைவழியில் குறுக்காக நின்றிருந்தது வாக்கர். நாய் மட்டும் நுழைய மிச்சமிருந்த இடமே போதும். அவர் அதைப் பிடித்து, வலி பொறுத்து, இன்னும் ஒரு முழம் ஓரமாக இழுத்துக்கொண்டார். எட்டு வருஷமாக எதையும் நகர்த்தாத வீடு. நகங்கள் தரையில் தட்டுகிற சத்தம் படியேறி நின்றது, செருப்பு கழற்றும் நேரம்.

நானும் என் நாற்காலியை நகர்த்திக்கொண்டேன்.